தகடும் தாளும்: வியட்நாம் பதக்கங்களோடு நான்கு வருடம்

நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய வியட்நாம் பதக்கம் வியட்நாமுடையதே அல்ல. வேலைக்காக ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் யெர்சின் தெருவில் இருக்கும் யான் சின் சந்தைக்குப் போயிருந்தேன். ('டான்' என்று எழுதியிருப்பார்கள். சைகோன்காரர்கள் 'யான்' என்றுதான் சொல்வார்கள்.) தகரக் கூரைக்குக் கீழே நெருக்கமான கடைகள். ஹெல்மெட், தண்ணீர்க் குடுவை, பூட்ஸ், திசைகாட்டி, லைட்டர் என்று பழைய ராணுவச் சாமான்கள் மலைபோல் குவிந்திருக்கும். ஒரு கண்ணாடித் தட்டில் அந்தப் பதக்கம் கிடந்தது. மஞ்சள் ரிப்பன், நடுவில் மூன்று சிவப்புக் கோடு, இரண்டு ஓரமும் பச்சை. தகட்டில் மூங்கில் புதருக்குப் பின்னால் ஒரு டிராகன். மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடு என்றால் பழைய தெற்கு வியட்நாமின் கொடி. எனக்கு அது மட்டும்தான் தெரியும். அந்தத் தைரியத்தில் வாங்கிவிட்டேன்.

அறைக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் எழுத்துகள் கண்ணில் பட்டன. 'ரிபப்ளிக் ஆஃப் வியட்நாம் சர்வீஸ்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பின்பக்கம் ஒரு குறுக்குவில், அதன்மேல் தீப்பந்தம், கீழே வளைவாக 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா'. வியட்நாமில் பணியாற்றிய தன் படையினருக்கு அமெரிக்கா 1965-இல் ஏற்படுத்திய சேவைப் பதக்கம் அது. லட்சக்கணக்கில் கொடுக்கப்பட்டது, எங்கும் கிடைக்கும்.

அன்றிலிருந்து எந்தப் பதக்கம் கைக்கு வந்தாலும் முதலில் திருப்பிப் பார்க்கிறேன். பின்பக்கம், எழுத்து, ஊசி, கடைசியில்தான் ரிப்பன். புதிதாகச் சேர்ப்பவர்கள் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். ரிப்பனின் நிறம் கண்ணை இழுத்துவிடும். ஆனால் ரிப்பன் மாற்றக்கூடிய துணி. ஒரு பதக்கத்தில் எளிதாகப் பொய் சொல்லக்கூடிய பாகம் அதுதான்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா இந்திய ராணுவத்தில் இருந்தவர். 1954 ஜெனீவா ஒப்பந்தத்துக்குப் பிறகு வியட்நாம், லாவோஸ், கம்போடியாவில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க இந்தியா தலைமையில் கனடாவும் போலந்தும் சேர்ந்த சர்வதேச ஆணையம் ஒன்று அமைந்தது. அதில் கொஞ்ச காலம் ஹனோயில் இருந்தார். அவருடைய ட்ரங்குப் பெட்டியில் ஒரு பதக்கம் உண்டு. கரும்பச்சை, வெள்ளை, சிவப்பு ரிப்பன், முன்பக்கம் அசோகரின் சிங்கங்களும் ஒரு புறாவும், பின்பக்கம் இந்தோசீனாவின் வரைபடம். சின்ன வயதில் அந்த வரைபடத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். இந்தியாவில் பழைய பதக்கங்கள் சேர்ப்பவர்கள் இதைக் கண்டால் விடாதீர்கள். விஷயம் தெரியாத கடைக்காரர்கள் இதை ஏதோ சங்கத்து மெடல் என்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, வியட்நாமுக்கு வருவோம். அங்கே பதக்கம் சேர்க்க நினைத்தால் முதலில் மனதில் பிரித்துக்கொள்ள வேண்டியது, 1975 ஏப்ரல் 30-இல் தெற்கு அரசு வீழும் வரை இரண்டு அரசுகள் இரண்டு விதமான பதக்கங்களைக் கொடுத்தன என்பது. வடக்கே வியட்நாம் ஜனநாயகக் குடியரசு. தெற்கே வியட்நாம் குடியரசு. இவை போக, தெற்கிலேயே அந்த அரசை எதிர்த்துப் போரிட்ட தேசிய விடுதலை முன்னணி, 1960-இல் தொடங்கியது, தன் பெயரில் தனியாகப் பதக்கங்கள் கொடுத்தது. முன்னணியின் கொடி மேல்பாதி சிவப்பு, கீழ்ப்பாதி நீலம், நடுவில் மஞ்சள் நட்சத்திரம். பதக்கத்தில் சிவப்பும் நீலமும் பாதிபாதியாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் யோசிக்கலாம். 'யாய் ஃபோங்' என்ற சொல் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. விடுதலை என்று பொருள்.

சொற்கள்தான் எனக்குப் பெரிய துணையாக இருந்தன. வியட்நாமிய மொழி லத்தீன் எழுத்தில் எழுதப்படுவதால், மொழி தெரியாவிட்டாலும் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிடலாம். நான்கு சொற்களைக் கற்றுக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது. 'ஹுவான் சுவோங்' என்றால் உயர்ந்த விருது. 'ஹுய் சுவோங்' அதற்கு அடுத்த நிலைப் பதக்கம். 'ஹுய் ஹியூ' சட்டையில் குத்தும் பேட்ஜ். 'போய் தின்' என்று இருந்தால் அது தெற்கு அரசின் ராணுவப் பதக்கம். வடக்கில் அந்தச் சொல்லைப் பதக்கத்துக்கு வைக்கவில்லை. ஆனால் எதிர்த்திசையில் இந்த விதி செல்லாது. தெற்கின் மிக உயர்ந்த விருதுக்கும் பெயர் 'பாவோ குவோக் ஹுவான் சுவோங்'தான். ஹுவான் சுவோங் என்று கண்டவுடன் வடக்கு என்று முடிவு கட்டினால் ஏமாறுவோம்.

தெற்கு அரசின் பதக்கங்களில் அதிகம் கண்ணில் படுவது வீரச் சிலுவை, ஆன் யூங் போய் தின். 1950-இல் ஏற்படுத்தினார்கள். பிரெஞ்சுக்காரர்களின் போர்ச் சிலுவையைப் பார்த்துச் செய்தது என்று உருவத்திலேயே தெரியும். குறுக்கே இரண்டு வாள், நடுவட்டத்தில் வியட்நாம் வரைபடம். இதில் தரம் தகட்டில் இல்லை, ரிப்பன்மேல் குத்தியிருக்கும் சின்ன உலோகத் துண்டில் இருக்கிறது. பனையோலை என்றால் முழுப்படை அளவிலான பாராட்டு. தங்க நட்சத்திரம் அதற்கு அடுத்த கோர் என்ற பெரும் படைப்பிரிவு அளவில், வெள்ளி நட்சத்திரம் டிவிஷன் அளவில், வெண்கல நட்சத்திரம் ரெஜிமென்ட் அல்லது பிரிகேட் அளவில். அந்தத் துண்டை யாரும் பிடுங்கி வேறொன்றைக் குத்திவிடலாம். அதனால் பனையோலை என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் ரிப்பனின் பின்பக்கம் பாருங்கள். ஒரே இடத்தில் பழைய ஓட்டையும் புதிய ஓட்டையுமாக இருந்தால் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

என் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது போர்க்களப் பதக்கம், சியென் யிக் போய் தின். விலை மிகக் குறைவு. பச்சையும் வெள்ளையுமான ரிப்பன். வெள்ளை எனாமல் நட்சத்திரத்தின் நடுவில் பச்சை நிற வியட்நாம், அதில் ஒரு சிவப்புத் தீச்சுடர். 1964-இல் வந்தது. அமெரிக்கர்களும் ஆஸ்திரேலியர்களும்கூட அணிந்தார்கள். அமெரிக்க அரசு இதைத் தன் படையினருக்குக் கையில் கொடுக்கவில்லை, வேண்டுமென்றால் அவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அமெரிக்கப் பட்டறைகளில் அடித்தவை ஏராளம். எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் ரிப்பன்மேல் இருக்கும் ஒரு சின்னப் பட்டை. அதில் '1960', பிறகு ஒரு சிறு கோடு, அப்புறம் வெறும் இடம். போர் முடிந்ததும் முடிந்த ஆண்டைப் போடுவதற்காக விட்ட இடம். 1975-இல் போர் முடிந்தபோது ஆண்டைப் போட வேண்டிய அரசே இல்லை. விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய தகட்டில் அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

தெற்கு அரசின் பதக்கங்கள் சைகோனில் கொட்டிக் கிடக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அசலானவை அபூர்வம். காரணத்தை என் வீட்டுக்காரம்மா சொன்னார். அவரை 'கோ து' என்று கூப்பிடுவேன். 'கோ' என்றால் அத்தை மாதிரி. 'து' என்றால் நான்கு. தெற்கு வியட்நாமில் பிறந்த வரிசையை வைத்து வீட்டில் கூப்பிடுவார்கள், ஆனால் மூத்த பிள்ளையே இரண்டாவது என்றுதான் எண்ணிக்கை தொடங்கும். அதனால் கோ து உண்மையில் மூன்றாவது பிள்ளை. அவருடைய பெரிய அண்ணன் தெற்கு ராணுவத்தில் இருந்தவர். ஏப்ரல் 30-க்கு அடுத்த வாரம் அவர் அம்மா சீருடை, போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, எரியாத உலோகத்தை ராத்திரியில் கால்வாயில் எறிந்தாராம். "எங்க தெருவுல எல்லா அடுப்பும் அந்த வாரம் எரிஞ்சுது" என்றார். அதற்கப்புறம் சந்தையில் யாராவது 'குடும்பத்தில் வைத்திருந்தது' என்று தெற்கு அரசின் பதக்கத்தை நீட்டினால் நான் நிதானமாகத்தான் கேட்டுக்கொள்வேன்.

வடக்கின் விருதுகளில் நான் விழுந்த குழி நட்சத்திர எண்ணிக்கை. குவான் கோங், சியென் கோங் போன்ற ராணுவ விருதுகளுக்கு மூன்று தரம் உண்டு. ஒரு நட்சத்திரம் இருந்தால் முதல் தரம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது தலைகீழ். மூன்று நட்சத்திரம்தான் முதல் தரம், ஒன்று என்றால் மூன்றாம் தரம். இதைத் தெரியாமல் ஒரு மூன்றாம் தர சியென் கோங் விருதை முதல் தர விலைக்கு வாங்கினேன். விற்றவர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை.

பெயரை வைத்தே காலத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு வழியும் உண்டு. நெடுங்காலம் சேவை செய்த படைவீரர்களுக்கான சியென் சீ வே வாங் என்ற விருதை 1961-இல் ஹுவான் சுவோங் என்ற நிலையில் தொடங்கினார்கள். 2003-இல் வந்த பாராட்டு, விருதுச் சட்டம் அதை ஹுய் சுவோங் ஆக்கிவிட்டது. முதல் சொல்லில் ஓர் எழுத்துக்கூட்டு மாறியிருப்பதைக் கவனித்தால் நாற்பது வருட இடைவெளி பிடிபடும்.

போலிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். காந்தம் ஒரு சாவிக்கொத்தில் வைத்திருப்பேன். பித்தளை என்று சொல்லி விற்பது காந்தத்தில் ஒட்டினால் அங்கேயே பேச்சு முடிந்தது. பெயின்ட் அடித்ததை எனாமல் என்பார்கள். ஓரத்தில் நகத்தால் மெதுவாக அழுத்தினால் பெயின்ட் கொஞ்சம் கொடுக்கும், எனாமல் கண்ணாடி மாதிரி நிற்கும். ரிப்பனில் தொங்கும் ஒரு நூலை எரித்துப் பார்த்தால் பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகச் சுருளும். (வாங்கிய பிறகு செய்யுங்கள், கடையில் வேண்டாம்.) களிம்பைப் பார்த்துப் பழசு என்று நம்பாதீர்கள். அமிலத்தில் போட்டால் இரண்டே நாளில் களிம்பு வரும். இயற்கையாக வந்த களிம்பு விரல் படாத மூலைகளில் தங்கியிருக்கும், மேடான இடம் தேய்ந்து பளபளக்கும். எல்லா இடமும் ஒரே சீராகப் பச்சையாக இருந்தால் அது தானாக வந்த களிம்பு அல்ல. சந்தையில் கிடைக்கும் அமெரிக்கச் சிப்பாய்களின் கழுத்து அடையாளத் தகடுகளையும் லைட்டர்களையும் நான் தொடுவதே இல்லை. பெரும்பாலும் புதிதாக அடித்தவை. லே கோங் கியூ தெருப் பழம்பொருள் கடைகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அங்கே கடை அழகாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பராமரிப்பில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: தேய்க்காதீர்கள். முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது நாலைந்து பதக்கங்களை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போயிருந்தேன். அம்மா ஆசையாக எடுத்து, குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார். பளபளவென்று இருந்தது. ஒரு விடுதலை வீரர் பதக்கத்தில் மெல்லிய தங்கப் பூச்சும் சிவப்பும் போய்விட்டன. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை இன்றும் அப்படியே வைத்திருக்கிறேன். ஈரம் அதிகமான ஊர்களில் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். பி.வி.சி. உறை மட்டும் வேண்டாம், வருடங்கள் போகப் போக உலோகத்தில் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும்.

அருங்காட்சியகங்களில் நேரம் செலவழியுங்கள். அசலைக் கண்ணாடிக்குப் பின்னால் பத்து முறை பார்த்த கண் போலியைச் சட்டென்று பிடிக்கும். வோ வான் தான் தெருவில் உள்ள போர் எச்சங்கள் அருங்காட்சியகத்துக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. அங்கே ஓர் அமெரிக்க சார்ஜன்ட் தன் பதக்கங்கள் அத்தனையையும் ஒன்றுபட்ட வியட்நாமின் மக்களுக்கு என்று அனுப்பிவைத்த சட்டகம் இருக்கிறது. தான் செய்தது தவறு, வருந்துகிறேன் என்று அதிலேயே பொறித்திருக்கிறார். பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியும் என்று எனக்கு உறைத்தது அதன் முன்னால் நின்றபோதுதான்.

இனி எனக்கு முக்கியமான விஷயம், தாள். இந்தியப் பதக்கங்களிலும் பிரிட்டிஷ் பதக்கங்களிலும் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பெரியப்பாவின் பொதுச் சேவைப் பதக்கத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியர்களின் வியட்நாம் பதக்கத்திலும் உண்டு. வியட்நாம் பதக்கங்களில் பெயர் கிடையாது. யாருக்கு, எதற்கு, எப்போது கொடுத்தார்கள் என்பதைச் சொல்வது கூட வரும் சான்றிதழ் மட்டும்தான். வியாபாரிகள் அதைப் பிரித்துத் தனியாக விற்பார்கள், இரண்டு விலை கிடைக்கும் என்பதால். அப்படிப் பிரிந்தால் மறுபடி சேர்க்க வழியே இல்லை.

2023-இல் யான் சின் சந்தையில் ஒரு சட்டகம் வாங்கினேன். கண்ணாடிக்குள் சான்றிதழ், அதன் மூலையிலேயே பதக்கம் குத்தியிருந்தது. அமெரிக்காவை எதிர்த்த போருக்காக 1981-இல் ஏற்படுத்திய எதிர்ப்புப் போர் ஹுவான் சுவோங். சாப்பாட்டு மேசையில் வைத்துத் தேதியைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். தேதி எழுதிய வரியில் தண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது. தலைப்பில் 'சோசலிசக் குடியரசு' என்று இருந்ததால், ஒன்றுபட்ட நாடு அந்தப் பெயரை எடுத்த 1976 ஜூலைக்குப் பிறகு. வழங்கியது அரசு மன்றம், அப்போது கூட்டாக நாட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்த அமைப்பு. அந்த அமைப்பு 1981 முதல் 1992 வரைதான் இருந்தது. கையொப்பம் ட்ருவோங் சின். அவர் 1987 வரை அதன் தலைவர். சொந்த ஊர் என்ற இடத்தில் மாகாணம் ஹா நாம் நின். 1991-இல் அந்த மாகாணத்தையே பிரித்துவிட்டார்கள். ஆக 1981-க்கும் 1987-க்கும் இடையில். கரைந்துபோன தேதியை நான்கு சொல்லை வைத்து ஆறு வருடத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று அவ்வளவு சந்தோஷம். கோ துவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். 'ட்ருய் தாங்'. நான் அதை 'வழங்கப்படுகிறது' என்று எடுத்துக்கொண்டிருந்தேன். வெறும் 'தாங்' என்றால்தான் அப்படி. 'ட்ருய்' சேர்ந்தால் இறந்த பிறகு வழங்கியது. பெயருக்கு முன்னால் 'லியெத் சீ' என்று வேறு இருந்தது. போரில் உயிரைக் கொடுத்தவர். "இது சாமி பீடத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கும் தம்பி. ஒரு வீட்டுச் சுவர்லேர்ந்து வந்திருக்கு" என்றார். அவருடைய அண்ணன் எந்தப் பக்கம் போரிட்டார் என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில் இருந்தது. அவர் அந்தச் சட்டகத்தைத் துணியால் துடைத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே அலுவலகத்தில் வடக்குப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் கேட்டேன். சான்றிதழில் கிராமம் வரை ஊர் எழுதியிருக்கும். பழைய ஹா நாம் நின் மூன்று மாகாணங்களாகியிருந்தது, அந்தக் கிராமம் அப்போது நாம் தின் மாகாணத்தில். கிராம மக்கள் குழு அலுவலகத்துக்கு அவர் போன் செய்தார். அவர்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தைக் கேட்டார்கள். மூன்றே வாரத்தில் வீடு தெரிந்துவிட்டது. (இப்போது கொஞ்சம் சிரமம். 2025 ஜூலையில் மாகாணங்களை 63-லிருந்து 34 ஆக்கி, மாவட்ட நிலையையே எடுத்துவிட்டார்கள். அந்த மூன்று மாகாணமும் மறுபடி ஒன்றாகி நின் பின் என்று ஆகியிருக்கிறது. பழைய வரைபடம் ஒன்று கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.)

2024-இல் ஜூலை 27-க்கு இரண்டு நாள் முன்பு போனேன். போரில் இறந்தவர்களையும் ஊனமுற்றவர்களையும் நினைக்கும் நாள் அது. நண்பர்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். வயலை ஒட்டிய சின்ன வீடு. இறந்தவரின் தங்கை இருந்தார், எழுபதைத் தாண்டிய அம்மா. சட்டகம் எப்படிப் போனது என்று அவரே சொன்னார். தம்பி மகன் வேலைக்காகச் சைகோன் போகும்போது தன் பெரியப்பாவான இறந்தவரின் நினைவாக எடுத்துப் போனானாம். அவன் நோயில் இறந்துபோக, வாடகை அறையைக் காலி செய்தவர்கள் எல்லாவற்றையும் 'வே சாய்' என்று கூவி வரும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்கள். நான் கொடுத்த விலையைக் கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு கூடை லிச்சிப் பழத்தை என் பைக்குள் திணித்துவிட்டார்.

இப்போது என்னிடம் நாற்பத்தொரு பதக்கங்கள் இருக்கின்றன. பெயர் எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை. சந்தையில் கண்டால் வாங்குவதுண்டு, வைத்துக்கொள்வதற்காக அல்ல. அப்படி வாங்கியதில் இன்னும் இரண்டு வீடு சேர்ந்திருக்கின்றன. ஒன்றுக்கு இன்னும் ஊர் தெரியவில்லை. நாட்டை விட்டு எதையாவது கொண்டுவருவதாக இருந்தால் பழம்பொருளுக்கு அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

அந்த அம்மா சட்டகத்தைத் தானே ஆணியில் மாட்டினார். ஊதுபத்தி ஏற்றி என் கையிலும் மூன்றைக் கொடுத்தார். நான் சான்றிதழில் பார்த்து, அவர் அண்ணன் பெயரை மரியாதையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, இல்லை என்றார். நடுப்பெயரின் எழுத்துக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி உண்டு, நான் அதைக் கவனிக்காமல் சமமாகச் சொல்லிவிட்டேன். குரலைக் கீழே இறக்கிச் சட்டென்று நிறுத்த வேண்டுமாம். அவர் சொன்னார், நான் சொன்னேன். மறுபடி அவர் சொன்னார். நான்காவது தடவை சரியாக வந்தது.